அறிவியல் பக்க ஆசிரியர்களுக்கு: அந்த 99 சதவீதத்தை விளக்கி எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

"மனிதனும் சிம்பன்சியும் 99 சதவீதம் ஒன்றே" என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். எண் பொய்யில்லை. ஆனால் எதை எண்ணி வந்தது என்று சொல்லாமல் விடுவதால், நாம் சற்றே மாறிய சிம்பன்சிதான் என்று சிலர் நம்புகிறார்கள், இன்னும் சிலர் அறிவியலே அபத்தம் என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம்தான்.

2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ வரிசை, வெளியானபோது, மனிதன், சிம்பன்சி இரண்டின் டிஎன்ஏவிலும் ஒன்றோடொன்று பொருந்துகிற பகுதிகளை எழுத்துக்கு எழுத்து (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) ஒப்பிட்டார்கள், வேறுபாடு சுமார் 1.23 சதவீதம் வந்தது. அதுவே மூன்றரைக் கோடி எழுத்து! ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத துண்டுகளும் இரட்டித்துக் கிடக்கும் பகுதிகளும் இந்தக் கணக்கில் இல்லை, சேர்த்தால் வேறுபாடு பல மடங்கு கூடும். 2025இல் ஆறு வாலில்லாக் குரங்கினங்களின் மரபணுத்தொகுதி முழுமையாக வந்ததும் "பார்த்தீர்களா, 99 பொய்" என்று சிலர் கிளம்பினார்கள். மாறியது அளக்கும் முறை. உறவு அப்படியேதான் இருக்கிறது: நமக்கு மிக நெருக்கம் சிம்பன்சியும் அதன் நெருங்கிய உறவான பொனபோவும், அப்புறம் கொரில்லா, அதற்கும் அப்பால் ஒராங்குட்டான்.

சதவீதத்தைவிட வேறுபாடு எங்கே விழுந்தது என்பதுதான் விஷயம். ஹெச்ஏஆர்1 என்று 118 எழுத்து நீள டிஎன்ஏ துண்டு ஒன்று இருக்கிறது, கருவில் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) உருவாகும்போது வேலை செய்வது. கோழிக்கும் சிம்பன்சிக்கும் அதில் 2 எழுத்துதான் வித்தியாசம், அதுவும் சுமார் முப்பது கோடி ஆண்டுகளில். சிம்பன்சிக்கும் நமக்கும் 18! மேரி-கிளேர் கிங், ஆலன் வில்சன் என்ற இரு விஞ்ஞானிகள் 1975லேயே சொன்னார்கள்: இரண்டு இனத்துக்கும் புரதங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே எந்த மரபணு எப்போது, எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்க வேண்டும் என்று.

சரி, ஒற்றுமை எதற்குச் சாட்சி? பொது மூதாதைக்கு. நாயும் பூனையும் வைட்டமின் சி-யைத் தம் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன, நமக்கு அந்த மரபணு உடைந்துவிட்டது, அதனால்தான் நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேவைப்படுகின்றன. சிம்பன்சி, ஒராங்குட்டான் எல்லாவற்றிலும் அது நம்முடையதைப் போலவே உடைந்து கிடக்கிறது. இன்னொரு சாட்சி குரோமோசோம், அதாவது டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழை: அவற்றுக்கு 48, நமக்கு 46, ஏனென்றால் நம் வழியில் இரண்டு ஒட்டிக்கொண்டன. ஒட்டியதற்கு அடையாளமாக, குரோமோசோம் நுனியில் இருக்க வேண்டிய எழுத்து வரிசை நமது 2ஆம் குரோமோசோமின் நடுவில் இன்னும் இருக்கிறது. உங்கள் வாசகர்களுக்கு நான் காட்ட ஆசைப்படுவது இதைத்தான்.

எண்ணை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எதை எண்ணியது என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்த வரிசைப் படத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சிம்பன்சி நமக்கு மூதாதை இல்லை. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு வழியாகப் பிரிந்தோம், அந்த மூன்றரைக் கோடி மாற்றங்களில் ஏறக்குறைய பாதி அவற்றின் வழியில் நடந்தவை.

அன்புடன்,
உங்கள் வாசகர்