பாப்பாவின் லேப்டாப்புக்கு என்ன காவல் போடுவது?

பொள்ளாச்சி

அன்புள்ள வேலு,

உன் கடிதம் கிடைத்தது. சித்தூர்ப் புழையில் தண்ணீர் நிற்கிறது என்று படித்ததும் மகிழ்ச்சி. இங்கே ஆழியாற்றுப் பக்கமும் மழை பரவாயில்லை.

பாப்பாவின் லேப்டாப்புக்கு என்ன காவல் போடுவது என்று கேட்டிருந்தாய். கடைக்காரர் இரண்டு ஆன்டிவைரஸ் போடச் சொன்னாராமே, வேண்டவே வேண்டாம். நீ ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதன்மேல் பாயும். ஒன்று பிடித்து ஒதுக்கி வைத்ததை இன்னொன்று வைரஸ் என்று மறுபடி பிடிக்கும். மெஷின் இழுக்கும், சிலசமயம் உறைந்தே போகும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. வேறொன்றை நிறுவினால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். வம்பு எங்கே என்றால், லேப்டாப்போடு இலவசமாக வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ் காலாவதியாகி, பழைய வைரஸ் பட்டியலோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான். காசு கட்டு, இல்லையென்றால் முழுதாக நீக்கு. மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை ஓட்டு.

ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடித் திற. வைரஸ் பகுதியின் செட்டிங்ஸில் ரியல்-டைம் புரொடெக்‌ஷன், டேம்பர் புரொடெக்‌ஷன் இரண்டும் ஆனில் இருக்கவேண்டும். முதலாவது ஃபைலைத் திறக்கும்போதே பார்க்கும், இரண்டாவது அந்தக் காவலை வைரஸ் அணைத்துவிடாமல் காக்கும். அதே பக்கத்தின் அடியில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ இருக்கும், டிஃபெண்டர் பார்க்காமல் விடவேண்டியவற்றின் பட்டியல். யார் கம்ப்யூட்டரானாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். திருட்டு போட்டோஷாப், கிராக் செய்த கேம் எல்லாம் “ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்” என்று சொல்லும். பிள்ளைகளும் அணைப்பார்கள். அப்படி உள்ளே வந்த வைரஸ், ‘இந்த ஃபோல்டரைப் பார்க்காதே’ என்று எக்ஸ்குளூஷனில் தன்னையே எழுதிக்கொள்ளும். பிறகு டிஃபெண்டர் பச்சை டிக்கோடு சிரிக்கும், வைரஸ் அதன் பாட்டுக்கு வேலை செய்யும். சி டிரைவ் முழுதுமோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ அங்கே இருந்தால் நீக்கிவிட்டு, ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ஆஃப்லைன் ஸ்கேன் கொடு. மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புமுன்பே தேடும். கால் மணி நேரம் ஆகும். சார்ஜரைச் செருகிவிட்டு, திறந்திருப்பதை சேவ் செய்துவிட்டுத் தொடங்கு.

ஃபயர்வால் வேறு வேலை. கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரி, எந்த வண்டி உள்ளே வரலாம் என்பதை மட்டும் பார்க்கும். நீயே டவுன்லோட் செய்து கூட்டி வந்ததை அது தடுக்காது, வெளியே போவதையும் வழக்கமாக விட்டுவிடும். ஆனாலும் அணைக்கக் கூடாது. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற புழு பரவியபோது பாலக்காடு ரயில்வே டிவிஷன் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். அந்தப் புழு பரவ யாரும் எதையும் கிளிக் செய்யவேண்டியதில்லை. 445-ஆம் போர்ட் (ஃபைல் பகிர்வுக்கான நெட்வொர்க் வாசல்) திறந்திருந்து, மார்ச்சிலேயே வந்த அப்டேட்டைப் போடாமல் விட்டிருந்தால் போதும், நெட்வொர்க்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது.

டொமைன் (ஆபீஸ்), பிரைவேட் (வீடு), பப்ளிக் (பொது இடம்) என்ற மூன்று நெட்வொர்க் வகையிலும் ஃபயர்வால் ஆனில் இருக்கட்டும். காலேஜ் ஹாஸ்டல் வைஃபை, பஸ் ஸ்டாண்ட் வைஃபை எல்லாம் ‘பப்ளிக்’ ஆகவே இருக்கவேண்டும். பிரின்டரைப் பகிர்வதற்காக வீட்டு வைஃபையை மட்டும் ‘பிரைவேட்’ ஆக்கலாம். புது மென்பொருள் ஒன்று ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது சும்மா கேன்சல் அமுக்கினாலும் தடை விதி ஒன்று பதிவாகிவிடும். நாலு மாதம் கழித்து “மற்ற கம்ப்யூட்டரிலிருந்து கனெக்ட் ஆகவில்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். அனுமதிப் பட்டியலில் போய் மாற்றவேண்டும்.

ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்று, பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணை. லேப்டாப்பில் இன்னும் விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 11-க்கு மாறமுடியுமா என்று பார்.

அட்சயா சென்டருக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) பென்டிரைவ் கொண்டுபோகாதே, பிடிஎஃப்பை மெயிலில் அனுப்பு. கொண்டுபோய் வந்துவிட்டால், ஃபோல்டர் ஐகான்களின் மூலையில் சின்ன அம்புக்குறி தெரிகிறதா என்று பார். அது ஷார்ட்கட் வைரஸ். அதை அமுக்கினால் வைரஸும் ஓடும், ஃபோல்டரும் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. வியூவில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் செய்து, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘புரொடெக்டெட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ மறைப்பதையும் எடுத்தால், அசல் ஃபோல்டர் மங்கலாகத் தெரியும். ஸ்கேன் செய்து, உனக்கு வேண்டிய ஃபைல்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஃபார்மட் போடு.

தேங்காய்க் கணக்கை வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கையோடு கழற்றி வைக்கத் தங்கச்சியிடம் சொல். செருகியே கிடந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

எக்ஸ்குளூஷன் பட்டியலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கணக்கு மென்பொருளான டேலியின் ஃபோல்டர் அதில் இருந்தால் கைவைக்காதே, முதலில் எனக்குக் காட்டு.

அன்புடன்,
கனகராஜ்