தெருவெல்லாம் வண்ணம், கடையில் மட்டும் ஏன் வெள்ளை விளக்கு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கிவிட்டது. பக்கத்துக் கடைகள் சீரியல் லைட்டில் மின்ன, நம் கடை மட்டும் ஏன் வெள்ளை விளக்கோடு நிற்கிறது என்று சிலர் கேட்டீர்கள். சிக்கனம்தானே என்று கேலி செய்தவர்களும் உண்டு. சிக்கனம் இல்லை. புடவைக் கடையில் நாங்கள் விற்பது நிறம், அதனால்தான்.

ஆர்ச்சர்ட் ரோட்டில் கிறிஸ்துமஸ் விளக்குகள் அகலமான சாலைக்கும் உயரமான கட்டடங்களுக்கும் ஏற்றவை. சிராங்கூன் சாலை ஓடும் நம் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, அப்படியில்லை. இருபுறமும் இரண்டு, மூன்று மாடிக் கடைவீடுகள். 1989ல் இது பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் அந்த உயரம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. சாலைக்குக் குறுக்கே அலங்கார வளைவு வைத்தால் கல்யாணப் பந்தல் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. வெளிச்சம் முகத்தில் விழுகிறது, கடைவாசல் நடைபாதையான அஞ்சடிக்குள்ளும் வருகிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அவசரமாக வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்து நடையைக் குறைக்கிறார்கள். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? இந்த ஏற்பாட்டுக்கு லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் சங்கமான லிஷாவுக்கு நன்றி.

ஆனால் புடவை எடுக்க அந்த வெளிச்சம் உதவாது. தன்மேல் விழும் ஒளியில் இருக்கும் நிறத்தைத்தான் துணி திருப்பித் தரும். வண்ண எல்இடி ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு சிறு பகுதியை மட்டுமே கொடுக்கிறது. அதனால் சிவப்பு விளக்கின் கீழ் பாட்டில் பச்சை கறுப்பாகிவிடும். நீல விளக்கில் மாம்பழ மஞ்சள் செத்துப்போகும். மயில்கழுத்து நிறம் இன்னும் பாவம். அதற்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூலில் இன்னொன்று. சாய்த்துப் பிடித்தால் மாறி மாறித் தெரிவதுதான் அழகு. ஒரே நிற வெளிச்சத்தில் அந்த விளையாட்டு நின்றுவிடும்.

பிளவுஸ் மேட்சிங்கில்தான் பெரிய வம்பு. புடவைக்கும் பிளவுஸ் துணிக்கும் போட்ட சாயம் வேறு வேறாக இருக்கும். ஒரு விளக்கில் கச்சிதமாகப் பொருந்துவது இன்னொரு விளக்கில் தனித்தனியாகத் தெரியும். இதனால்தான் கடைக்குள் பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான 5000 கெல்வின் விளக்குகள் போட்டிருக்கிறோம். நிறத்தை உள்ளபடி காட்டும் அளவில் அவை 100க்கு 90க்கு மேல். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று எங்கள் வீட்டிலேயே சொல்கிறார்கள். இருக்கட்டும்.

முடிந்தால் ஏழு மணிக்கு முன்பே, பொழுது சாய்வதற்குள் வாருங்கள். பிடித்த புடவையை அஞ்சடிக்கு எடுத்துப்போய் விரித்துக் காட்டச் சொல்லலாம், பையன்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். இருட்டிய பிறகு வந்தால், வாசலில் நின்று படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பி நிறம் கேட்காதீர்கள். உள்ளே வந்து எடுங்கள்.

சரி, புடவையைக் கட்டப்போவது வீட்டு விளக்கிலும் கல்யாண மண்டபத்திலும்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றும் வைத்திருக்கிறோம். அதில் ஜரிகை எடுப்பாகத் தெரியும், நீலம் சற்று மங்கும். இரண்டிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் தையல்காரர் எங்கள் பேச்சையே கேட்பதில்லை.

அன்புடன்,
கடைக் குடும்பத்தினர்