புழுவெட்டுக்கு டி3 பாக்கெட் கேட்டு வந்தால்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருந்துக்கடை நடத்தும் அன்பர்களுக்கு வணக்கம்.

தலையிலோ தாடியிலோ காசளவு முடி கொட்டியவர், தோல் மருத்துவரைத் தேடுமுன் உங்கள் கடைக்குத்தான் வருகிறார். "புழுவெட்டுக்கு வைட்டமின் டி கம்மியா இருக்கிறதுதான் காரணமாம், அந்த 60,000 பாக்கெட் கொடுங்க" என்கிறார். அவர் கேட்பது 60,000 யூனிட் வைட்டமின் டி3 பொடி உள்ள பாக்கெட். எடுத்துக் கொடுக்குமுன் ஒரு நிமிடம் பொறுங்கள்.

புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே வளரும் முடியின் வேரைத் தாக்குகின்றன. வேர்ப்பை அழிவதில்லை, ஆகவே முடி திரும்ப முளைக்க வழி உண்டு. அந்த இடம் வழவழவென்றிருக்கும். ஓரத்தில் நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள் ஆச்சரியக்குறி போல நிற்கும். செதிலோ சீழோ இருந்தால், அதுவும் குழந்தைக்கு என்றால், பூஞ்சையால் வரும் படையாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தால் பூஞ்சை இன்னும் பரவும்.

புழுவெட்டு உள்ளவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் குறைவாக இருப்பது வேறு, அதுவே காரணம் என்பது வேறு. அமெரிக்கச் செவிலியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான ஆய்வில் அப்படித் தொடர்பு எதுவும் தெரியவில்லை. வைட்டமின் டி-யைப் பற்றிக்கொண்டு செல்லில் வேலை செய்யவைக்கும் புரதமான ஏற்பி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குத் தலைமுடி முழுக்கக் கொட்டிவிடுவதுண்டு. சத்துக் குறைவால் மட்டும் எலும்பு வளைந்த குழந்தைக்கு அப்படிக் கொட்டுவதில்லை. முடிக்கு முக்கியம் அந்த ஏற்பி என்பதே இதில் தெரிவது.

குறைபாடு இருந்தால் எலும்புக்காகவாவது சரிசெய்யத்தான் வேண்டும். 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. பெரியவர்களுக்கு வழக்கமாக எழுதுவது வாரம் ஒரு பாக்கெட், 8 வாரம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பிட்டதும் பாலில் கலந்து குடிக்கச் சொல்லுங்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். ஓஆர்எஸ் போலத் தினமும் ஒன்று கரைத்துக் குடித்தால் 8 நாளில் 4,80,000 யூனிட் உள்ளே போகிறது. அது தொடர்ந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்: வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. ஒவ்வொரு பாக்கெட் மேலும் "ஞாயிறு மட்டும்" என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். சிறுநீரகக் கல் இருந்தவருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.

கூடவே பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரையும் கேட்பார்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது வைட்டமின் டி அளவைக் கூட்டியும் தைராய்டு பரிசோதனையான டிஎஸ்ஹெச் அளவைக் குறைத்தும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு 2, 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓரிரு இடத்தில் மட்டும் கொட்டியிருந்தால், பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடும். ஆனால் முளைக்கவைத்த பெயர் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. அந்த நம்பிக்கையில் காத்திருப்பவருக்குத்தான் எங்கள் கவலை. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அந்த இடத்திலேயே போடும் ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி இருக்கிறது. பரவலாகக் கொட்டியவர்களுக்கு 2022 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாரிசிட்டினிப் மாத்திரை இருக்கிறது. புருவமோ இமையோ கொட்டினாலும், நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் தெரிந்தாலும், அந்த வாரமே தோல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர்கள் சிலர்