எல்லைக்கல்லும் 151 பேரும்

அன்புள்ள கயலுக்கு,

"போலீஸும் இல்லை, மேல்கோர்ட்டும் இல்லை. இரண்டு ஊருக்குள் வழக்கு வந்தால் அந்தக் காலக் கிரேக்கர்கள் தீர்ப்புக்கு எப்படியப்பா கட்டுப்பட்டார்கள்?" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். அன்று சரியாகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவனுக்கு முதலில் நினைவு வருவது கொரிந்தும் எபிடாரஸும்தான். கி.மு. 240 வாக்கில் இந்த இரண்டு ஊருக்கும் எல்லைத் தகராறு. இரண்டும் சேர்ந்திருந்த அக்கேயக் கூட்டணியின் முடிவுப்படி, மெகாரா ஊர் 151 நீதிபதிகளை அனுப்பியது. அவர்கள் அந்த நிலத்துக்கே போய்ப் பார்த்து, அது எபிடாரஸுக்குத்தான் என்றார்கள். எல்லைக்கோடு எங்கே போகிறது என்பதை கொரிந்து ஒப்புக்கொள்ளவில்லை. சரி என்று, அதே 151 பேரில் 31 பேர் மறுபடி அங்கே போனார்கள். இந்த உச்சியிலிருந்து அந்த உச்சி என்று ஒவ்வொரு மலையாகப் பெயர் சொல்லி எல்லை வகுத்துக் கல்லில் வெட்டினார்கள், நீதிபதிகளின் பெயரோடு. தோற்றவர்கள் கேட்டதற்காக இரண்டாம் முறை போயிருக்கிறார்கள், கண்ணு! வெயிலில் சங்கிலி பிடித்து வரப்பில் நின்றவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஊருக்குள் வழக்குகள் தேங்கினாலும் வேற்றூர் நீதிபதிகளை வரவழைப்பார்கள். நாலைந்து பேர், கூட ஒரு எழுத்தர். உள்ளூரில் அவர்களுக்குப் பங்காளியும் இல்லை, பகையாளியும் இல்லை. முதலில் சமாதானம் பேசிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால்தான் தீர்ப்பு. வேலை முடிந்ததும் ஊர் கிரீடம் சூட்டி, நன்றியைக் கல்லில் எழுதும்.

எல்லாரும் கட்டுப்பட்டார்கள் என்று சொல்லமாட்டேன். சாமோஸ் தீவும் பிரியேனே ஊரும் ஒரே நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடின. ஆனால் மறுத்தவர்களுக்கு அது உறுத்தியது. தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் கி.மு. 446 வாக்கில் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஏதென்ஸ் அப்படிக் கூப்பிட்டபோது ஸ்பார்ட்டா போகவில்லை. நடுவரிடம் வரத் தயார் என்பவன்மேல் படையெடுப்பது முறையல்ல என்று அவர்கள் அரசன் ஆர்க்கிடாமஸே சொல்லிப் பார்த்தான், எடுபடவில்லை. கி.மு. 431-இல் போர் மூண்டது. பிறகு பட்ட தோல்விகளுக்கெல்லாம் தாங்கள் அன்று மறுத்ததே காரணம் என்று ஸ்பார்ட்டர்களே நினைத்ததாக, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் சொல்கிறார். போலீஸ் செய்யாததை அந்த உறுத்தல் கொஞ்சமாவது செய்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

பிரியேனேயின் அதீனா கோயில் சுவர்க்கற்கள் நீ இருக்கும் லண்டனிலேயே, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சாமோஸ் வழக்கை அந்தச் சுவரில்தான் வெட்டி வைத்தார்கள். லீவு நாளில் போய்க் கேட்டுப் பார். பார்க்க முடிந்தால், எழுத்து எத்தனை விரற்கடை உயரம் என்று எனக்கு எழுதம்மா.

அன்புடன்,
அப்பா