அவன் பொய் சொல்லவில்லை, மகளே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்றிரவு நீ சின்னவனைப் பற்றிப் பேசியபோது அவனும் அருகில் இருந்து கேட்டுக்கொண்டிருந்ததால், சொல்ல வந்ததைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். மூன்று வயதிலேயே தானாக டாய்லெட்டுக்குப் போகப் பழகிய பிள்ளை, எல்.கே.ஜி. சேர்ந்த இரண்டு மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஜட்டியைக் கறையாக்குகிறான் என்றும், கேட்டால் "எனக்குத் தெரியவில்லை" என்று பொய் சொல்கிறான் என்றும் சொன்னாய். அவன் சொல்வது பொய் இல்லை. இதே வார்த்தையை 1995-இல் நீ என்னிடம் சொன்னாய், நான் நம்பவில்லை.

அப்போது உனக்கு ஐந்து வயது. பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதால் நாள் முழுவதும் அடக்கிக்கொள்வாய். வீட்டுக்கு வந்ததும் கதவிடுக்கில் போய், கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க மூச்சைப் பிடிப்பாய். நீ முக்குகிறாய் என்று நான் நினைத்தேன். வெளியே வந்துவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜட்டியில் தண்ணீராகப் பட்டிருந்ததைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று முடிவு கட்டி, மாதுளம் பிஞ்சை மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு நாள் கறைபட்ட ஜட்டியை உன் கையிலேயே கொடுத்துத் துவைக்கச் சொல்லி, முதுகிலும் ஓர் அடி வைத்தேன். மறுநாளிலிருந்து நீ அவற்றை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்கத் தொடங்கினாய். நீ மறந்திருக்கலாம், எனக்கு அந்த மூட்டை இன்னும் கண்ணில் நிற்கிறது.

கடைசியில் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனபோது, அவர் என் கையைப் பிடித்து உன் அடிவயிற்றின் இடப்பக்கத்தில் வைத்து அழுத்தச் சொன்னார். உள்ளே உருண்டை உருண்டையாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. "இது வயிற்றுப்போக்கு இல்லையம்மா, பல நாள் மலச்சிக்கல்" என்றார். ஒரு முறை கெட்டியாகப் போய் வலித்துவிட்டால் குழந்தை அடுத்த முறை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்க, குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்வதால் மலம் இன்னும் இறுகுகிறது. அது தேங்கித் தேங்கி மலக்குடல் விரிந்துபோவதால், 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடுகிறது. பிறகு மேலிருந்து வரும் இளகிய மலம் அந்த அடைப்பின் ஓரமாகக் கசிந்து ஜட்டியில் படும்போது குழந்தைக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. அவன் அடிக்கடி சிறுநீரும் விட்டுவிடுகிறான் என்றாயே, நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்துவதாலும் அப்படி ஆகும். ஆனாலும் நீர்த்தாரையில் தொற்று இருக்கிறதா என்று ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

ஆகவே முதலில் அவனை மருத்துவரிடம் காட்டு. அடைப்பு இருந்தால் முதலில் அதை வெளியேற்றியாக வேண்டும். கீரையும் கொய்யாவும் மட்டும் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது. பாலியெத்திலீன் கிளைக்கால் என்னும் பொடியைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள், அல்லது லாக்டுலோஸ் சிரப் தருவார்கள். முதல் சில நாட்களுக்கு அளவு கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் கசிவு அதிகமானால் பயந்து நிறுத்திவிடாதே. அதன்பின் குறைந்த அளவில் குறைந்தது 2 மாதமாவது தொடர வேண்டியிருக்கும். மருந்துக்குக் குழந்தை அடிமையாகிவிடும் என்று பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு இரண்டே வாரத்தில் நிறுத்தியவள் நான். ஒரு மாதத்தில் எல்லாம் திரும்ப வந்து நின்றது. விரிந்த குடல் பழையபடி சுருங்கி உணர்வு திரும்ப மாதக்கணக்காகும், அதுவரை பொறுத்திரு. உன் அப்பத்தா செய்ததுபோல் வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதே. அந்த வலிதான் உன் பயத்தை இன்னும் வளர்த்தது.

இரத்தம் பட்டாலோ, வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, எடை குறைந்தாலோ, நடையில் தளர்வு தெரிந்தாலோ அன்றைக்கே காட்டு. பிறந்தபோது முதல் மலம் எப்போது போனது என்று மருத்துவர் கேட்டால், முதல் நாளே போய்விட்டான் என்று சொல். நான்தானே துணியை மாற்றினேன்.

வீட்டில் நீ செய்ய வேண்டியது, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவனை ஐந்து முதல் பத்து நிமிடம் உட்கார வைப்பது. சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள். போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்காக ஒரு நல்ல வார்த்தை சொல். பாலை மட்டும் குடித்துவிட்டுச் சோற்றை ஒதுக்குகிறான் என்றால் பாலைக் குறைத்துத் தண்ணீரையும் பழத்தையும் கூட்டு. வகுப்பு ஆசிரியையிடம், அவன் கேட்ட உடனே அனுப்பும்படியும், மாற்று ஜட்டியை மற்றப் பிள்ளைகள் பார்க்காமல் மாற்றிவிடும்படியும் நீயே நேரில் போய்ச் சொல். அவன் எதிரில் யாரிடமும், என்னிடம்கூட, இதைக் குறையாகப் பேசாதே. நேற்று நீ பேசும்போது அவன் பாட்டை நிறுத்திவிட்டதைக் கவனித்தாயா?

இன்னொன்று. உங்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டில் அவன் கால் தரைக்கு எட்டாமல் தொங்கும். கால் தொங்கினால் சரியாக முக்க முடியாது. முழங்கால் இடுப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இருக்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம், அவன் முழங்காலிலிருந்து பாதம் வரை எத்தனை அங்குலம் என்று அளந்து இன்றே சொல். அப்பா தச்சரிடம் சொல்லி அகலமாக ஒரு மணை செய்து வைப்பார், வரும் ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அம்மா