தஞ்சாவூர் பீரங்கி மேட்டு இராசகோபால பீரங்கியைப் போர் நினைவுச் சின்னமாகப் பராமரிக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பழைய இரும்புப் பொருள்கள் பராமரிப்பில் ஈடுபட்டுள்ளோர் மற்றும் கீழவாசல் பகுதிப் பொதுமக்கள்,
தஞ்சாவூர்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: இராசகோபால பீரங்கி – பராமரிப்பு முறை – ஒப்பந்த நிபந்தனைகள் – தகவல் பலகை – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

கீழவாசல் பீரங்கி மேட்டில் உள்ள இராசகோபால பீரங்கி ஏறத்தாழ 25 அடி நீளமும் 22 டன் எடையும் கொண்டது. தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் காலத்தது எனக் கருதப்படுகிறது. இது வார்த்தெடுத்த பீரங்கி அன்று. நீள இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை ஏற்றி, ஆறும்போது சுருங்கி இறுகும்படி கொல்லர்கள் அடித்துச் செய்தது. பிஜப்பூரின் மாலிக்-இ-மைதான் வெண்கல வார்ப்பு. கடற்கரைக் கோட்டைகளில் கிடக்கும் ஐரோப்பியப் பீரங்கிகளில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பு. அவற்றுக்கு எழுதிய பராமரிப்பு மதிப்பீட்டை இதற்கு நகலெடுத்தால் சேதமே மிஞ்சும்.

முதலில், செய்யக்கூடாதவை. ‘சுத்தம் செய்து பெயிண்ட் அடித்தல்’ என்ற ஒற்றை வரி எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் இடம்பெற வேண்டாம். பீரங்கியின்மேல் உள்ள கரும்பழுப்புப் படலம் அழுக்கு அல்ல. நூற்றாண்டுகளாக மழையும் வெயிலும் மாறிமாறிப் பட்டு இறுகிய துரு அது. உள்ளிருக்கும் இரும்பைக் காப்பதும் அதுதான். சேண்ட் பிளாஸ்டிங் (அழுத்தக் காற்றில் மணலைப் பாய்ச்சிச் சுரண்டுதல்) செய்தாலோ ஆசிட் ஊற்றினாலோ அது போய்விடும். பளபளக்கும் வெற்று இரும்பில் ஒரே பருவமழையில் பொடித்துரு ஏறும். எனாமல் பெயிண்ட் இன்னொரு வகையில் கெடுக்கும்: வளைய இடுக்குகளில் புகும் நீர் வெளியேற வழியின்றி வண்ணத்துக்கு அடியில் தங்கும், வெளியே பார்க்க அழகாக இருக்கும்போதே உள்ளே அரிக்கும். இடுக்குகளை சிமெண்ட், பட்டி, எம்-சீல் கொண்டு அடைப்பதும் இதே கதைதான். அவை திறந்தே இருக்கட்டும்.

குழலின் வாய் இரண்டடிக்கும் மேல் அகலமானது. சாரல், சருகு, குப்பை, புறா எச்சம் எல்லாம் உள்ளே சேர இடமுண்டு. ஈரச் சருகு கிடக்கும் இடத்தில் இரும்பு காய்வதே இல்லை. ஆண்டுக்கு இருமுறை உட்புறத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். வாயைத் தகடு வைத்து மூடினால் உள்ளே வியர்க்கும். காற்றுப் போகும் துருப்பிடிக்காத எஃகு வலையே போதும். அந்த எஃகு பீரங்கி இரும்பை நேரே தொட்டால், ஈரம் படும்போது பழைய இரும்புதான் அரிக்கும். ஆகவே இடையில் ரப்பர் பட்டை கட்டாயம். தாங்கும் கட்டுமானத்தில் பீரங்கி அமரும் கோட்டில் நீர் தேங்காதபடி வெளிநோக்கிச் சரிவு தர வேண்டும்.

சுத்தம் செய்ய நைலான் பிரஷ், மூங்கில் சீவல், உப்பில்லாத தண்ணீர் போதும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் ஆகாது. கட்டைவிரலால் தேய்த்தால் செம்பொடி ஒட்டும் இடங்களில் மட்டும் துருவை நிலைப்படுத்தும் டானிக் அமிலக் கரைசலை மெல்லிய பூச்சாகத் தடவலாம். அந்த இடம் நீலக்கருப்பாக மாறும். கடுக்காய்ச் சாறு போதாதா என்று கேட்பார்கள். அதிலும் டானின் உண்டு. அளவு நிச்சயமில்லை என்பதே சிக்கல்.

நன்கு காய்ந்தபின் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) பூச வேண்டும். சித்திரை வெயிலில் இரும்பு கொதிக்கும் என்பதால், உருகுநிலை 80 டிகிரி செல்சியசுக்குக் குறையாத மெழுகே வேண்டும். இளகும் மெழுகில் தூசி அப்பிக்கொள்ளும். முற்பகலில், இரும்பு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது பூசி, பருத்தித் துணியால் தேய்த்தால் இடுக்கில் இறங்கும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் இது முடிய வேண்டும்.

பீரங்கியை இடம் மாற்றும் யோசனை எழுந்தால், தயவுசெய்து கைவிடுக. தவிர்க்கவே முடியாத நிலையில், வளையங்களில் சங்கிலி மாட்டக்கூடாது. எடை பகிரும் உத்தரத்தில் தொங்கும் இரண்டு அகலமான பெல்ட்களால் மட்டுமே தூக்க வேண்டும். 30 டன் கிரேன் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அது கிரேனின் நீள்கையை வண்டியை ஒட்டி வைத்துத் தூக்கும் அளவு. மேட்டுக்குக் கீழே நின்று கையை நீட்டினால் அதில் சிறு பங்கைத்தான் தூக்கும்.

இவ்விடம் வேடிக்கைப் பொருளாக மட்டும் நின்றுவிடக் கூடாது. 1673இல் மதுரை சொக்கநாத நாயக்கரின் படையெடுப்பில் தஞ்சை மன்னர் விசயராகவ நாயக்கர் மாண்டார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படையும், 1771, 1773 ஆண்டுகளில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும் தஞ்சையை முற்றுகையிட்டன. இவற்றில் உயிரிழந்த பெயர் தெரியாத வீரர்களையும் ஊர்மக்களையும் குறிப்பிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வேண்டும். பலகை தனித் தூணில் நிற்கட்டும். பீரங்கியில் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது. ஏறி உட்கார்ந்து படமெடுப்பதைத் தடுக்க, ஒரு மீட்டர் தள்ளித் தாழ்வான கம்பி வேலி போதும்.

எனவே, மேற்கண்டவற்றை ஒப்பந்த நிபந்தனைகளாகச் சேர்க்கவும், தொல்லியல் துறையின் வேதியியல் வல்லுநர் நேரில் பார்வையிட்டு எழுத்தில் ஒப்புதல் தரும்வரை பீரங்கியின்மேல் எந்தப் பணியும் தொடங்காதிருக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்