வண்டி விலை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

உக்ரைனுக்குப் பழைய ஆம்புலன்ஸ் அனுப்ப நிதி திரட்டுவோர் பலர் வண்டி விலையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். புதிய டீசல் வண்டிகளில் முதலில் மக்கர் செய்வது புகை வடிகட்டி; இன்ஜினை ஓடவிட்டு நின்றபடியே காத்திருந்தால் கரி அடைத்து இழுவை குறைந்துவிடும். புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ என்ற திரவம் தீர்ந்த நிலையில் இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்பாது. அந்தத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்தும் போகும். ஆகவே அவை இல்லாத பழைய மாடலே மேல், பளபளப்பு குறைந்தாலும்.

எல்லாம் ஒரே மாடலாக இருந்தால் குண்டடிபட்ட வண்டியின் பாகங்கள் மற்றதற்கு உதவும். டயர், கிளட்ச், பிரேக் பேட், பேட்டரிக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றும், அதைப் பெறப்போகும் மருத்துவமனையின் கடிதமும் முன்பே தயாராக இல்லாவிட்டால், உக்ரைனுக்குள் நுழையும் முன் போலந்து எல்லையிலேயே நிற்க வேண்டிவரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்